தெற்கு வாய், இருநூற்றுப் பன்னிரண்டு

பழைய ரயில் குகையின் தெற்கு வாயில் போன வருடம் ஒரு பலகை வைத்தார்கள். நீளம் ஆறு அடி, உயரம் மூன்றே முக்கால் அடி, பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து. குகை எப்போது தோண்டப்பட்டது, எத்தனை லட்சம் செங்கல் பிடித்தது, முதல் நீராவி இன்ஜின் இந்தப் பக்கம் வெளியே வந்தபோது எத்தனை பேர் கூடி நின்று தொப்பியைத் தூக்கி வீசினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தொப்பிகளை எண்ணியவர் யார் என்று தெரியவில்லை. அது போகட்டும். பதினான்காவது வரி இது: "நீராவிக் காலத்தின் கடைசி ஆண்டுகளில், சுவர்க் காவலர் ஒருவரின் கவனக்குறைவால் உட்சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது."

அந்தச் சுவர்க் காவலரை எனக்குத் தெரியும். பத்து வருடம், வாரத்துக்கு ஆறு நாள், அவர் என் மேசைக்கு எதிரே நின்று சொல்லச் சொல்ல எழுதியவன் நான். அவருக்கு எழுத வராது. எனக்குச் சுவரின் பேச்சு கேட்காது. இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு ஆள் வேலையை முழுதாகச் செய்தோம். அந்த மனிதருக்கும் கவனக்குறைவுக்கும் என்ன சம்பந்தம் என்று பலகை எழுதியவர்கள் ஒரு ஆளையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனவே கேட்காமலேயே சொல்கிறேன்.

எல்லோரும் அவரை வைத்தியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவர் நோயாளியின் முதுகில் விரலால் தட்டிக் கேட்பதைப் போல இவர் குகையின் சுவரைச் சுத்தியலால் தட்டிக் கேட்பார். அதுதான் வேலை. அரைக் கிலோ சுத்தியல், இரண்டடிக் கைப்பிடி. உச்சியைத் தட்ட நீண்ட கம்பு தனி. குகைக்குள் செங்கல் வளையம் வளையமாகக் கட்டப்பட்டிருந்தது. வளையத்துக்கு நான்கடி அகலம். மொத்தம் 819 வளையம். ஒவ்வொன்றிலும் ஐந்து இடத்தில் தட்ட வேண்டும்: இரண்டு கால், இரண்டு தோள், ஒரு உச்சி. நாளைக்கு 273 வளையம் வீதம் மூன்று நாளில் ஒரு சுற்று முடியும். வாரத்துக்கு இரண்டு சுற்று. பத்தொன்பது வருடம் இதைச் செய்தார். எத்தனை தட்டு என்று நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இங்கே சொன்னால் நம்பமாட்டீர்கள்.

ஒல்லியான, உயரமான ஆள். தலை எப்போதும் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அவர் மனைவி சொல்வார்: "வீட்ல பத்து தடவை கூப்பிட்டாலும் இந்த மனுஷன் காதுல விழாது. குகைக்குள்ள ஒரு செங்கல் முனகினா மட்டும் கேட்டுடும்." வைத்தியர் அதற்கு, "செங்கல் ஒரு தடவைதான் சொல்லும், திரும்பத் திரும்பச் சொல்லாது" என்பார். அன்றைக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகும்.

தண்டவாள வேலைக்காரர்கள் அவரைச் சீண்டுவார்கள்.

"என்ன வைத்தியரே, நோயாளி எப்படி இருக்கா?"

"அவளுக்கு நூத்தி இருபது வயசு. இருந்தும் உனக்கு முன்னாடி போகமாட்டா. நீ அந்தச் சுருட்டைக் கீழ போடு."

சுவரின் சத்தத்துக்கு அவர் மூன்று பெயர் வைத்திருந்தார். உறுதியாக இருந்தால் "கல்". செங்கலுக்குப் பின்னால் வெற்றிடம் விழுந்திருந்தால் "பானை". ஈரம் ஏறி, சாந்து உதிர்ந்து, சத்தமே எழாமல் பொத்தென்று அடங்கினால் "பை". பானை என்றால் கவனிக்க வேண்டும். பை என்றால் உடனே ஆளை அனுப்ப வேண்டும். நான் பதிவேட்டில் அதையே எழுதினேன். எனக்கு முன்னால் இருந்த எழுத்தர்களும் அதையே எழுதியிருந்தார்கள். வைத்தியருக்கு முன்னால் தட்டியவரும், அவருக்கு முன்னால் தட்டியவரும் இதே மூன்று சொற்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்ஜின் வரும் நேரத்தில் சுவரில் குடைந்திருக்கும் மாடத்துக்குள் ஒதுங்கி நிற்பார். நனைத்த துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்வார். வண்டி போன பிறகு புகை மேலே காற்றுக் கிணறு வழியாக வெளியேறப் பதினொரு நிமிடம் ஆகும். அந்தப் பதினொரு நிமிடமும் அந்த மாடத்திலேயே நிற்க வேண்டும். சாயங்காலம் என் மேசைக்கு வரும்போது கண் இரண்டும் பற்களும்தான் வெள்ளையாகத் தெரியும். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். "உன் பெஞ்சு கரியாயிடும் தம்பி. எழுது."

இப்போது குகையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. நீராவி வண்டிகள் வந்த புதிதில் இதைத் தோண்டியபோது இரண்டு ஒப்பந்தக்காரர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் தோண்டிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வடக்கிலிருந்து வந்தவர் தன் வளையங்களுக்கு ஒன்று முதல் 431 வரை இரும்புத் தகடு அடித்தார். தெற்கிலிருந்து வந்தவர் தன்னுடையவற்றுக்கு ஒன்று முதல் 388 வரை அடித்தார். நடுவில் இரண்டும் ஒன்பது அங்குலம் விலகிச் சந்தித்தன. அந்த விலகலை இன்றும் பார்க்கலாம். யாருடைய எண்ணை மாற்றுவது என்று சண்டை வந்து, கடைசியில் யாருடையதையும் மாற்றவில்லை. ஆகவே குகைக்குள் ஒன்று முதல் 388 வரை எல்லா எண்ணும் இரண்டிரண்டு உண்டு. பதிவேட்டை முதலில் வரைந்த எழுத்தர் புத்திசாலி. முதல் கட்டத்துக்கே "வாய்" என்று தலைப்புப் போட்டார். அதில் "வ" அல்லது "தெ" என்று எழுதிவிட்டுத்தான் வளைய எண்ணுக்குப் போக வேண்டும். நூற்றிருபது வருடம் இப்படியே நடந்தது. ஒரு தவறும் வரவில்லை.

பிறகு தலைமை அலுவலகத்தில் யாருக்கோ எல்லாக் குகைகளுக்கும் ஒரே படிவம் இருந்தால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. சுவர் விழுந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து படிவ எண் 17. அதில் வளைய எண்ணுக்கு ஒரு கட்டம். நிலைமைக்கு ஒரு கட்டம். அதில் "திருப்தி" அல்லது "திருப்தியில்லை" என்று எழுத வேண்டும். வாய்க்குக் கட்டம் இல்லை. மற்றக் குகைகளுக்கெல்லாம் ஒரே வரிசை எண். அவற்றுக்கு வாய் தேவையில்லை. எங்கள் குகையை வந்து பார்த்துவிட்டா படிவம் அச்சடித்தார்கள்? ஒருவரும் வரவில்லை.

நான் பழைய பதிவேட்டையும் விடாமல் எழுதி வந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. வைத்தியர் வந்து நின்றார். வழக்கமாக மடமடவென்று சொல்பவர் அன்றைக்கு ஒரு மூச்சு நிறுத்திச் சொன்னார்: "தெற்கு வாய், இருநூத்திப் பன்னிரண்டு, கிழக்குத் தோள். பானை."

"சந்தேகமா அண்ணே?"

"சந்தேகம்னா ஒரு தடவை தட்டிட்டு வந்திருப்பேன். நாப்பது தடவை தட்டியிருக்கேன். எழுது."

படிவத்தில் "தெ 212, திருப்தியில்லை" என்று எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது. "தெ" என்ற எழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சில் வட்டம். பதில் வரும்வரை அதே வளையத்தைப் பற்றி மறுபடி புகார் எழுதக் கூடாது என்பது விதி. அடுத்த சுற்றிலும் அதே சத்தம், மறுபடி எழுதி அனுப்பினேன், மறுபடி வட்டம். மூன்றாவது முறை வட்டத்தோடு ஒரு குறிப்பும் வந்தது: "வளைய எண்ணுக்கான கட்டத்தில் எண் மட்டுமே எழுத வேண்டும். எழுத்துக்கள் சேர்க்கலாகாது. மீறினால் விளக்கம் கோரப்படும்." அந்த மூன்று தாள்களும் என்னிடம் இருக்கின்றன. அந்த எழுத்தைப் பார்த்துத்தானே வட்டம் போட்டார்கள்? பார்க்கவில்லை என்று எந்த வாயால் சொல்ல முடியும்?

செக்ஷன் அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் கெட்டவர் இல்லை. தாள்களைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதப் பாருப்பா. உனக்கு ரெண்டு குழந்தைங்க. எனக்கு அடுத்த வருஷம் மாற்றல் வரணும். படிவத்துல என்ன கேட்டிருக்கோ அத மட்டும் எழுதி அனுப்பு."

"சார், ரெண்டு 212 இருக்கே."

"அது அவங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் நான்காவது படிவத்தில் வெறும் "212" என்று எழுதினேன். அது என் கையெழுத்து. வேறு யார் மேலும் அதைப் போட முடியாது. அப்படி நான்கு படிவம் போயிற்று. மே மாதம் சத்தம் பானையிலிருந்து பைக்கு இறங்கியது. ஜூனில் ஒருவழியாகத் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கொத்தனார்கள் வந்தார்கள். அவர்கள் வந்திறங்கிய நிலையம் வடக்குப் பக்கம். வடக்கு வாய் வழியாக உள்ளே போய், தகட்டைப் பார்த்து, வடக்கு 212-இன் கிழக்குத் தோளை உளியால் பிளக்க ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு வைத்தியர் குகையின் மறுகோடியிலிருந்து ஓடினார்.

"யப்பா, நிறுத்துங்க! இது கல்லுப்பா. நோயாளி அந்தப் பக்கம் படுத்திருக்கா!"

பெரிய கொத்தனார் உளியை எடுக்கவில்லை. "எனக்கும் காது இருக்கு அண்ணே. இது நல்ல சுவருன்னு முதல் அடியிலயே தெரிஞ்சுபோச்சு. உளி மழுங்குது. ஆனா தாள்ல 212-ன்னு போட்டிருக்கு. தகட்டுலயும் 212-ன்னு போட்டிருக்கு. நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

நல்ல சுவரை நான்கு நாள் இடித்தார்கள். நான்கு நாள் கட்டினார்கள். போய்விட்டார்கள். இதைவிடக் கேவலமாக ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் வைத்தியர் நான்கு முறை சொன்னார். நான்கு முறையும் எழுதினேன். நான்கு முறையும் ஒரே பதில் அச்சடித்து வந்தது: "மேற்படி வளையம் பழுதுபார்க்கப்பட்டது. கோப்பு முடிக்கப்பட்டது." ஆக மொத்தம் பதினொரு முறை. கவனக்குறைவானவர் பதினொரு முறை சொல்வாரா?

செப்டம்பர் 19, காலை 10 மணி 40 நிமிடம். சரக்கு வண்டி ஒன்று தெற்கு வாய் வழியாக நுழைந்தது. தெற்கு 212-இன் கிழக்குத் தோள் தண்டவாளத்தில் சரிந்து கிடந்தது. இன்ஜின் அதில் மோதித் தடம் புரண்டது. இன்ஜினில் கரி அள்ளிப் போடும் நெருப்புத் தள்ளுபவருக்கு இடது கை முழங்கை வரை வெந்துபோனது. உயிர் போகவில்லை. வைத்தியர் அப்போது காற்றுக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தார். முதலில் ஓடிவந்து அந்த ஆளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தது அவர்தான். அதுவும் பலகையில் இல்லை.

விசாரணை பதினேழாம் நாள் நடந்தது. பெரிய மேசை, மூன்று அதிகாரிகள். வைத்தியர் நின்றுகொண்டிருந்தார். நான் ஓரமாக ஒரு நாற்காலியில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தேன். பையில் அந்த வருடத்துப் பதிவேடும் சிவப்பு வட்டமிட்ட மூன்று தாள்களும் இருந்தன.

"விழுந்த இடத்தைப் பற்றி நீர் முன்பே தெரிவித்தீரா?"

"சொன்னேங்க. தெற்கு வாய், இருநூத்திப் பன்னிரண்டு. பதினோரு தடவை."

"படிவத்தில் தெற்கு என்று எங்கேயும் இல்லையே. 212 என்று இருக்கிறது. அதைப் பழுது பார்த்தாகிவிட்டது."

"நான் வாயால சொன்னேங்க."

"அதற்கு யார் சாட்சி?"

வைத்தியர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். மேசையின் மீது மை கொட்டிய ஒரு கறை இருந்தது. அதன் வடிவம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதிகாரி என்னிடம் கேட்டார்: "படிவத்தில் இருப்பது உம்முடைய கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"அதில் தெற்கு என்று இருக்கிறதா?"

முன்னால் வைத்திருந்தது நான்காவது படிவத்திலிருந்துதான். முதல் மூன்றும் அவர்கள் கோப்பில் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் அல்லவா? அவை என் மடியில் இருந்தன.

"இல்லை" என்றேன்.

"சரி. நீர் போகலாம்."

கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னேன். பொய் இல்லை. அப்படித்தான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வராந்தாவில் வைத்தியர் எனக்குப் பின்னால் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "சாப்பிட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

வேலையை விட்டு நீக்கினார்கள். பதினைந்து நாளில் ரயில்வே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாளே காலி செய்தார். மரக்கடை ஒன்றின் பின்கட்டில் ஒரு அறை கிடைத்தது. அங்கேயே வாசல் காவல். லாரி உள்ளே வந்தால் கதவைத் திறக்க வேண்டும், போனால் சாத்த வேண்டும். படிவம் 17 போட்டவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடத்தில் பெரிய நாற்காலிக்குப் போனார்.

வருடத்துக்கு ஒருமுறை மரக்கடைக்குப் போவேன். குகையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒருநாள் நான் இருக்கும்போது அவர் மனைவி தண்ணீர்ப் பானை வாங்கிக்கொண்டு வந்தார். "இதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்களேன், விரிசல் இருக்கான்னு" என்று நீட்டினார். வைத்தியர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நீயே பாத்துக்க" என்றார். அந்த அம்மா பானையை என் கையில் கொடுத்தார். தட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நல்ல பானை என்று சொல்லிவிட்டேன். அது ஒரு வாரத்தில் ஒழுகியது.

ஒன்பது வருடம் கழித்து அவர் இறந்தார். ஐம்பது வயது. நெஞ்சுச் சளி என்றார்கள். பத்தொன்பது வருடப் புகை என்று எழுதியிருக்க வேண்டும்.

அவருக்கு ஒரே மகள். விசாரணை நடந்தபோது பதினொரு வயது. இப்போது ஐம்பத்தேழு, பெரிய மருத்துவமனையில் தலைமைச் செவிலி. வைத்தியர் மகள் நர்ஸ் ஆனதைப் பழைய ஆட்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். பலகை வைத்த மூன்றாம் வாரம் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பலகையின் படம்.

"பதினாலாவது வரியப் படிங்க மாமா."

படித்தேன்.

"என் பேத்தி ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருக்காங்க. வந்து கேக்கறா: பாட்டி, உங்க அப்பாதான் அந்தச் சுவரைப் பாத்துக்கிட்டவராமே, தூங்கிட்டாரான்னு. தூங்கிட்டாரான்னு கேக்கறா மாமா!"

அவளை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"இந்த வரி அங்க இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அம்மா சாகற வரைக்கும் இத நினைச்சுத்தான் அழுதாங்க. அப்ப நாலு பேருக்குத்தான் தெரியும். இப்ப ஊருக்கே பலகை போட்டுட்டாங்க. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

இருந்தது. அலுவலகத்தை மூடியபோது பழைய பதிவேடுகளை எடைக்குப் போடச் சொன்னார்கள். மிஞ்சியிருந்த முப்பத்தாறையும் நானே வாங்கிக்கொண்டேன், ரசீது இருக்கிறது. அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மூன்று தாள்களையும் வைத்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இது விசாரணை அப்ப எங்க இருந்துச்சு?"

"என் மடியில."

சொல்லிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்ததை, மேசையைப் பார்த்ததை, எல்லாவற்றையும். அவள் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாள்.

"வருஷா வருஷம் வந்தீங்களே மாமா. பிஸ்கட் பாக்கெட்டோட. அப்ப ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே."

"பயமா இருந்துச்சும்மா."

"அப்பாவுக்குப் பயம் இல்லியா? வீட்டக் காலி பண்ணச் சொன்னப்ப அவருக்குப் பயம் இல்லியா?" குரல் உயர்ந்தது. பிறகு இறங்கியது. "கடைசி வாரம் டாக்டர் அவர் முதுகுல தட்டிப் பாத்தாரு. அப்பா தலையச் சாய்ச்சுக் கேட்டாரு. என்கிட்ட மெதுவா, 'பை சத்தம்மா' அப்படின்னாரு. எனக்கு அப்ப புரியல." பதிவேட்டை மூடினாள். "சரி. எழுந்திரிங்க. என்கிட்ட சொன்னது போதும். அவங்ககிட்ட வந்து சொல்லுங்க."

ரயில் இப்போது வேறு பாதையில் போகிறது. பழைய குகையை நடைபாதையாக்கி, நிலைய அறையைக் காட்சிக்கூடமாக்கி வருகிறார்கள். அதன் பொறுப்பாளர் நாற்பது வயதுக்காரர், மிகவும் மரியாதையானவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பத்து நிமிடத்தில் மூன்று முறை "உங்க வேதனை புரியுது மேடம்" என்றார்.

"ஒண்ணு செய்யலாம். 'கவனக்குறைவால்' அப்படிங்கறத எடுத்துடறோம். 'இயற்கைக் காரணங்களால் இடிந்து விழுந்தது'ன்னு போட்டுடலாம். யாருக்கும் சங்கடம் இல்ல."

"தண்ணி கசிஞ்சது இயற்கை" என்றாள் வைத்தியரின் மகள். "பதினோரு தடவை சொன்னதக் காதுல வாங்காம இருந்தது இயற்கையா?"

"அப்படின்னா..." அவர் என் பக்கம் திரும்பினார். "எழுத்தரின் பிழையால்னு போடலாமா? ஐயாவே ஒத்துக்கறாரு."

பாருங்கள், எவ்வளவு சுலபம்! தட்டினவர் இல்லையென்றால் எழுதினவர். அதற்கு மேல் அவர் கண் ஏறவே இல்லை. "போடுங்கள். நான்காவது படிவத்திலிருந்து அது உண்மை" என்றேன். "அதற்கு முந்தின மூன்று படிவத்தில் சிவப்பு வட்டம் போட்டவரையும் சேர்த்துப் போடுங்கள். படிவம் அடித்தவரையும் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் தொப்பி வரியை எடுத்துவிடுங்கள்."

பலகையை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார். சரி, வாங்குங்கள் என்றேன். ஆனால் அவர் பார்வை என் பையில் இருந்த பதிவேட்டின் மேலேயே இருந்தது. கையால் எழுதியவை, தோல் அட்டை, வீட்டில் இருப்பவற்றோடு சேர்த்து முப்பத்தாறு. அவர்களுடைய கண்ணாடிப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. தர முடியுமா என்று கேட்டார். தருகிறேன் என்றேன், ஒரே நிபந்தனை: அந்த வருடத்துப் பதிவேடு மார்ச் 4 அன்றைய பக்கத்தில் விரித்து வைக்கப்பட வேண்டும், பக்கத்தில் மூன்று தாள்களும் இருக்க வேண்டும், அனுமதி வரும்வரை பதினான்காவது வரியின் மேல் பச்சைச் சாயம் அடிக்க வேண்டும். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

திறப்பு விழா ஒரு ஞாயிறு, காலை பத்து மணி. வைத்தியரின் மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பதினான்காவது வரியில் சாயம் அடித்திருந்தார்கள். நாற்காலிகள், மாலை, பேச்சுக்கள். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்: "இதப் பாரு, 212 விழுந்துச்சாம். இங்க அந்த ஆளு 'கல்', அதாவது உறுதியா இருக்குன்னு சொல்லியிருக்கான். அப்புறம் விழாம என்ன செய்யும்?"

நான் முன்னால் போய்ப் பார்த்தேன். தேதி மார்ச் 3. திங்கட்கிழமை. யாரோ மார்ச் மாதப் பக்கங்களில் 212-ஐத் தேடியிருக்கிறார்கள். முதலில் கண்ணில் பட்ட 212-இல் நிறுத்திவிட்டார்கள். "வ, 212, கிழக்குத் தோள், கல்." வடக்கு வாய். கீழே அழகான அட்டையில் விளக்கம்: "விபத்துக்குள்ளான வளையம் உறுதியாக உள்ளதாகச் சுவர்க் காவலர் அளித்த தகவல்." மூன்று தாள்களைக் காணோம். "பெட்டியில் இடமில்லை" என்று பிறகு சொன்னார்கள்.

நாற்பத்தாறு வருடம் கழித்து, மறுபடி அதே வடக்கு! நூற்றிருபது வருடம் ஒரு தவறும் வராமல் காத்த கட்டம் அந்தப் பக்கத்திலேயே முதல் கட்டமாக இருக்கிறது, தலைப்போடு இருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை!

வைத்தியரின் மகள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அப்பா விசாரணை அறையில் பார்த்தது போலவே, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு.

மேடையில் ஒரு பெரியவர் பேசிக்கொண்டிருந்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"பொய்!" என்றேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. "இந்தப் பெட்டியில் இருப்பது பொய். எழுதியவன் நான். இது விழுந்த சுவர் இல்லை. இது வடக்கு. விழுந்தது தெற்கு. சாவி யாரிடம் இருக்கிறது?"

பொறுப்பாளர் ஓடிவந்தார். "ஐயா, ஐயா, விழா முடியட்டும். நாளைக்குக் காலையில மாத்திடலாம்."

"நாளைக்குன்னு சொல்லித்தான் அன்னிக்குச் சுவர் விழுந்துச்சு" என்றாள் வைத்தியரின் மகள். "இப்ப திறங்க."

மேடையில் பேச்சு நின்றுபோயிருந்தது. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சாவியைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தை அவள்தான் திருப்பினாள். மார்ச் 4. பிறகு அங்கே நின்றவர்களுக்குப் பதினொன்றையும் நான் படித்துக் காட்டினேன், தேதியோடு. அவற்றில் எட்டில் படிவத்தில் "தெ" போடாமல் அனுப்பியது நான் என்றும், விசாரணையில் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவன் நான் என்றும் சொன்னேன். முன்னால் நின்ற அந்த ஆள், "அப்ப நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா?" என்று கேட்டார்.

"அவருக்கு வேலை இருந்திருக்கும்" என்றேன். அந்த ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

சிறுமி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாட்டி, அப்ப அவரு தூங்கலியா?"

"இல்லடி. அவரு ஒருத்தருதான் முழிச்சிட்டிருந்தாரு."

பலகை மாறவில்லை. அனுமதிக்கு ஒரு படிவம் உண்டாம். அதில் "பிழையான சொல்" என்று ஒரு கட்டம், "சரியான சொல்" என்று ஒரு கட்டம். ஒரு சொல்லில் அடங்காது என்று எழுதி, எட்டுப் பக்கம் இணைத்து அனுப்பியிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது. மூன்றாவது முறையும் அனுப்பியாயிற்று. இந்தத் தடவை ஒரு எழுத்தையும் எடுக்கவில்லை. பதினான்காவது வரி பச்சையாகவே இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன். பதிவேடு மார்ச் 4-இல்தான் விரிந்திருக்கிறது. சிவப்பு வட்டமிட்ட தாள்கள் மூன்றும் பக்கத்தில் இருக்கின்றன. பார்த்த தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன்.